தொடக்கூடாத மாதா

இத்தாலியத் துறைமுக ஊரான எங்கள் லிவோர்னோவில் ஒரு பொருள் நிரந்தரமாகத் தொலைய வேண்டுமென்றால் அதைக் கடலில் எறிந்து பயனில்லை. தென்மேற்குக் காற்று கிளம்பினால் அலை அதைக் கொண்டுவந்து கரையில் போட்டுவிடும். அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட வேண்டும். அதுதான் உத்தரவாதமான வழி.

அதன் முழுப்பெயர் 'கலை, வரலாறு, கடல், பக்தி மற்றும் வட்டார அடையாளங்களுக்கான ஒருங்கிணைந்த நகர அருங்காட்சியகம்'. வாசலில் அவ்வளவையும் எழுத இடம் போதாமல் 'மற்றும்' என்பதோடு நின்றுவிட்டது. நாங்கள் 'பெரிய வீடு' என்போம். கால்வாய்க்கு இந்தக் கரையில், அதற்கு நேர் எதிரே என் காப்பிக்கடை. உள்ளே போய்விட்டு வருகிறவர்கள் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்து, ரம் ஊற்றிய காப்பியாகக் கேட்பார்கள். அந்த வகையில் அந்த நிறுவனத்தின்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

நேதோ கெத்சானி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சிவப்புக் கொடி பிடித்தே வளர்ந்த ஆள். கடவுள் இல்லை என்று சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்வதுபோல் சொல்வார். ஆனால் மாதாவைப் பற்றி யாரும் வாய் திறக்க விடமாட்டார். "கடவுள் முதலாளிடா. மாதா நம்ம ஆளு. அவங்க பிள்ளையையும் அரசாங்கம்தானே கொன்னுச்சு?" என்பார்.

இந்தப் பாசத்துக்குக் காரணம் ஒரு மரப்பலகை. நேதோவின் பாட்டனாரைப் பெற்ற அமெரிகோ, ஒருநாள் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தவறி விழுந்து, நசுங்காமல் பிழைத்துவிட்டார். பிழைத்தவர்கள் நடந்ததைப் பலகையில் படமாக எழுதவைத்து மாதா கோயிலில் மாட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அமெரிகோவும் மாட்டினார். படத்தில் அவர் தலை கப்பலைவிடப் பெரிது. மேலே வலது மூலையில் மேகத்துக்குள் மாதா, லேசாகப் பல்வலி வந்த முகத்தோடு. கீழே பச்சைக் கடல். கெத்சானி வீட்டில் பிள்ளை சுமக்கிறவள் யாராக இருந்தாலும், பிரசவத்துக்கு முன் போய் அந்தக் கடலில் உள்ளங்கையை வைத்து எடுப்பாள். தலைமுறை தலைமுறையாகக் கை பட்டு, அந்த இடத்தில் பச்சை தேய்ந்து மரம் தெரிந்தது. நேதோவின் மனைவி வாந்தா கடைசியாகக் கை வைத்தவள். அப்போது வயிற்றில் இருந்தவள்தான் இலேனியா. வாந்தா இப்போது இல்லை.

பலகைகள் மாட்டியிருந்த துறைமுகத்து மாதா சிற்றாலயத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. கூரையைப் பழுதுபார்க்க வேண்டும் என்று மனு கொடுத்தோம். பெரிய வீட்டிலிருந்து ஒரு வண்டி வந்தது. கூரைக்குக் கீழே இருந்த பலகைகளையெல்லாம் 'பாதுகாப்பு' என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூரை இன்றும் ஒழுகுகிறது. கீழே நனைவதற்கு எதுவும் இல்லாததால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பது நகராட்சியின் கருத்து.

போன வருடம் இலேனியா முதல்முறை உண்டானாள். பலகை 'ஆய்வில் இருக்கிறது' என்றார்கள். நாலாம் மாதம் கலைந்துபோயிற்று. டாக்டர் ஒரு காரணம் சொன்னார். சரியான காரணமாகத்தான் இருக்கும். நேதோவும் தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து அந்த மனிதர் கிரேனில் ஏறி உட்கார்ந்தால் கண் பெரிய வீட்டுப் பக்கமே போகும்.

இந்த வருடம் இலேனியா மறுபடி உண்டானாள். புருஷன் மௌரோ சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். பிரசவத்துக்கு வந்து சேர்ந்தால் சேர்ந்தான். நேதோ என் கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒரியானோ, நீயும் கூட வா. எனக்கு அந்தக் கட்டடத்துக்குள்ள போனா பேச்சு வர மாட்டேங்குது."

"உனக்கா? பேச்சு வரலையா? முதலாளிங்களுக்குச் சொல்லியனுப்பு, பெரிய வீட்டுல வெச்சே சம்பளப் பேச்சு நடத்தட்டும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரி, இது வேறு விஷயம் என்று கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் காவலுக்கு லோரெதானா. எங்கள் தெருக்காரிதான், மீன் சூப்பில் நண்டு போதவில்லை என்று அண்ணியோடு பேச்சை விட்டவள். ஆனால் சீருடை போட்டுவிட்டால் எங்களைத் தெரியாது.

"பக்திக் கூடம் இன்னைக்கு மூடியிருக்கு," என்றாள்.

"உள்ள யாரும் இல்லையேம்மா, கதவுதானே?" என்றார் நேதோ.

"ரெண்டு கூடத்துக்கு நான் ஒருத்திதான். எத்ருஸ்கர் காலத்துப் பானைக் கூடத்தைத் திறந்தா பக்தியை மூடணும். பக்தியைத் திறந்தா பானையை மூடணும். இன்னைக்குப் பானை முறை."

"பானையைப் பார்க்க யாராவது வந்திருக்காங்களா?"

"யாரும் வரல. அதுக்காக மூட முடியுமா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பக்தியின் முறை வந்த அன்று இலேனியாவையும் கூட்டிக்கொண்டு போனோம். வழி ஒருவழிப்பாதை. பக்திக் கூடம் வாசலுக்கு அடுத்த அறைதான், ஆனால் அங்கே போக மாடி ஏறி, நாணயம், வாள், தோற்ற போர்கள், வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் போர்கள், நகரப் பிரமுகர்களின் மீசை ஓவியங்கள் எல்லாவற்றையும் சுற்றி, வேறு படிக்கட்டில் இறங்கி வரவேண்டும். 'வரலாற்றைத் தலைகீழாகப் பார்க்க அனுமதி இல்லை' என்று எழுதிவைத்திருந்தார்கள். பாதி வழியில் இலேனியாவுக்கு மூச்சு வாங்கியது. கூடம் நிறைய நாற்காலிகள். ஒவ்வொன்றின்மீதும் ஒரு பைன் காய், முள்ளும் முனையுமாக. யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. காய் இல்லாத ஒரே நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

"ஏய், அது என் நாற்காலி!" என்று பின்னாலிருந்து லோரெதானா கத்தினாள். "நீ உட்கார்ந்தா நான் நிக்கணும். நான் நின்னா கவனம் போயிடும். கவனம் போனா கூடத்தை மூடணும்."

"என் வயித்துக்குள்ள இருக்கிறவனுக்கு இதெல்லாம் புரியாது லோரே. வெளிய வந்ததும் உன்கிட்டயே அனுப்பறேன், பாடம் எடு," என்று சொல்லிவிட்டு இலேனியா சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் பக்திக் கூடத்துக்கு வந்துசேர்ந்தோம். மற்றவர்களின் பலகைகள் இருந்தன. மாட்டுவண்டியிலிருந்து விழுந்தவர், வெடித்த அடுப்புக்குத் தப்பியவர், மாமியாரின் விஷக்காளானைத் தின்றும் பிழைத்தவர். அமெரிகோ இருக்க வேண்டிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு புகைப்படம், அதன் கீழ் எழுத்து: 'இப்படைப்பு தற்சமயம் வெளிநாட்டில் "தொடுதல்: மத்தியதரைக்கடல் மக்களின் தீண்டல் பண்பாடு" என்னும் கண்காட்சியில் இடம்பெற்றுள்ளது.'

இலேனியா புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தாள். "அப்பா, இதுல கை வெச்சாப் போதாதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"அதையும் தொடக் கூடாது," என்றாள் லோரெதானா. "அந்தப் போட்டோவும் சேகரிப்புல ஏறிடுச்சு."

இலேனியா வெளியே வந்து கால்வாய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு நம்பிக்கை இருக்கா இல்லையான்னே தெரியலப்பா. ஆனா அம்மா கை பட்ட இடம் அது. நான் போய் வைக்காம விட்டா, அவங்க எங்கயோ கையை நீட்டிக்கிட்டே நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள். நேதோ தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் என் பங்குக்கு நகராட்சியைத் திட்டினேன்.

இயக்குநரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. டாக்டர் உபால்தோ செர்வாதியோ என்பது அவர் பெயர், எங்கள் வாயில் 'டோத்தோரே'. மெலிந்த, வாசனையான மனிதர். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று கை கொடுத்தார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

"சிக்னோர் கெத்சானி! உங்க பலகையைப் பத்தி நான் மட்டும் மூணு கட்டுரை எழுதியிருக்கேன். அந்தத் தேஞ்ச இடம் இருக்கே, அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வராது. எத்தனை தாய்மார், எத்தனை கை! உயிருள்ள மரபுங்க அது!"

நேதோவின் முகம் மலர்ந்தது. "அதேதான் டோத்தோரே! என் பொண்ணும் மாசமா இருக்கா. ஒரே ஒரு தடவை கையை வெச்சுட்டுப் போயிடுவா."

இயக்குநர் மெதுவாக உட்கார்ந்தார். பிள்ளையைக் கொன்றுவிடட்டுமா என்று யாரோ கேட்டதுபோல் ஆயிற்று அவர் முகம்.

"தொடறதா? எங்கே?"

"அந்தத் தேஞ்ச இடத்துலதான்."

"அய்யா, அது தேஞ்சதே தொட்டதாலதாங்க!"

"ஆமாங்க, நாங்க தொட்டுத்தான் தேஞ்சுது."

"அப்ப இன்னும் தொட்டா இன்னும் தேஞ்சுடுமே! தொட்ட அடையாளத்தை எப்படிங்க தொட விடறது? மரபு உயிரோட இருக்கணும்னா, முதல்ல அதை யாரும் பயன்படுத்தாம நிறுத்தணும். இது அடிப்படை."

நேதோ என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிரே என் கடை தெரிந்தது, அங்கே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆனால் டாக்டர் செர்வாதியோ இரக்கமற்றவர் அல்ல. மக்களை மதிப்பவர், அதை அவரே இரண்டு முறை சொன்னார். தொட விரும்புகிறவர்களுக்காக ஒரு 'தொடு-நகல்' செய்யப்படும் என்றார். செய்தார்கள். பிளாஸ்டிக்கில், கடலின் தேய்மானம் உட்பட அச்சாக. திறப்புவிழாவுக்கு நகராட்சியின் பண்பாட்டு உறுப்பினர் அம்மையார் வந்து நாடாவை வெட்டி, நகலைத் தொட்டு, படம் எடுத்துக்கொண்டார். பிறகு இலேனியாவின் முறை. அவள் கையை நீட்டுவதற்குள் லோரெதானா ஒரு கண்ணாடிக் கூண்டைக் கொண்டுவந்து நகலின்மேல் கவிழ்த்தாள்.

"தொடறதுக்குன்னுதானே செஞ்சீங்க!" என்றார் நேதோ.

"சந்தேகமே இல்லை," என்றார் இயக்குநர். "ஆனா எல்லாரும் தொட்டுட்டா, நாளைக்கு வர்றவங்க எதைத் தொடுவாங்க? வருங்காலத் தலைமுறையையும் கொஞ்சம் நினைங்க."

"வருங்காலத் தலைமுறை இங்க நின்னு உதைச்சுக்கிட்டு இருக்கு டோத்தோரே," என்று இலேனியா வயிற்றைக் காட்டினாள். இயக்குநர் கனிவோடு புன்னகைத்தார். அடுத்த கட்டுரையில் இந்த வாக்கியத்தை அவர் சேர்த்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மாதங்கள் போயின. இலேனியாவின் வயிறு என் கடைக் கதவில் இடிக்கும் அளவுக்கு வந்தபோது, அமெரிகோ ஊர் திரும்புகிறார் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். பலகை கண்ணாடிப் பேழையில் வைக்கப்படும். விழாவின் சிறப்பம்சமாக உறுப்பினர் அம்மையார் தம் கையால் பேழையை மூடிவைப்பார். திறப்புவிழா எத்தனையோ பார்த்திருக்கிறேன், மூடுவிழாவுக்கு அழைப்பு வந்தது அதுதான் முதல்முறை. நேதோ சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மூடுவதற்கு முன் திறந்துதானே இருக்கும் என்பது அவர் கணக்கு.

கூட்டம் நிறைய. பேழைக்குள் பட்டுத்துணிமேல் பலகை. கண்ணாடி மூடி மேலே தூக்கியபடி இருந்தது. டாக்டர் செர்வாதியோ ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்தத் தேய்மானத்தைப் பாருங்கள். ஏழைத் தாய்மார்களின் உள்ளங்கைகள் வரைந்த ஓவியம் இது. அந்தக் கைகளுக்கு நாம் செய்யக்கூடிய நன்றி என்ன? இனி எந்தத் தாயின் கையும் இதன் அருகில் வராது என்று இந்த நன்னாளில் உறுதி அளிக்கிறேன். இன்று முதல் இதன்மீது ஒரு விரல் பட்டால் போதும், மணி அடித்து, கட்டடத்தின் எல்லாக் கதவுகளும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். மக்களின் சொத்தை மக்களிடமிருந்து இவ்வளவு முழுமையாக வேறு எந்த நகரமும் காப்பாற்றியதில்லை!"

கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே இலேனியா "அப்பா" என்றாள். குரல் மாறியிருந்தது. குனிந்து பார்த்தேன், தரை நனைந்திருந்தது.

"வழி விடுங்க! வலி வந்திருச்சு!" என்று நேதோ கத்தினார். கூட்டம் வாசல் பக்கமாக வழி விட்டது. இலேனியா வாசல் பக்கம் போகவில்லை. உறுப்பினர் அம்மையாரைத் தோளால் ஒதுக்கிவிட்டு நேராகப் பேழையிடம் போனாள்.

"சிக்னோரா! வேண்டாம்! அது தாய்மார்களோட நினைவுச்சின்னம்!" என்று இயக்குநர் கையை விரித்துக் குறுக்கே வந்தார்.

"நகருய்யா, நானும் தாய்தான்!" என்று சொல்லி இலேனியா உள்ளங்கையைக் கடலில் பதித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததை நான் இங்கே கிண்டல் செய்யப்போவதில்லை.

மணி அலறியது. இயக்குநர் சொன்ன சொல் தவறாதவர். எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொண்டன.

திறக்கும் ரகசிய எண் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். பாதுகாப்பு கருதி இயக்குநருக்குக்கூடத் தெரியாது. தெரிந்தவர் சர்தீனியாவில், படகில், மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இலேனியாவை லோரெதானாவின் நாற்காலியில் உட்காரவைத்தோம். லோரெதானா சீருடை மேல்சட்டையைக் கழற்றி அவள் முதுகுக்குக் கொடுத்தாள், அன்று முதல்முறையாக எங்களை அடையாளம் தெரிந்தது அவளுக்கு. தீயணைப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். கதவுக்கு வெளியிலிருந்து அவர்கள் தலைவர் கத்தினார்.

"உள்ள யாரு? கதவை உடைக்கிறோம், தள்ளிக்குங்க!"

இயக்குநர் ஓடிப்போய்க் கதவில் சாய்ந்து நின்றார். "உடைக்கறதா? பதினேழாம் நூற்றாண்டு வால்நட் மரம்! எழுத்துபூர்வ அனுமதி இல்லாம ஒரு ஆணி அசையக் கூடாது!"

"யாருங்க அனுமதி கொடுக்கணும்?"

"நான்தான்."

"சரி, கொடுங்க."

"முதல்ல விண்ணப்பம் வரட்டும்."

வெளியிலிருந்து எங்கள் ஊரில் மட்டுமே புழங்கும் சில சொற்கள் கேட்டன. அவற்றில் இயக்குநரின் தாயார், கதவு, கடவுள் மூவரும் இடம்பெற்றிருந்தார்கள். இலேனியா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். நேதோ மகள் கையைப் பிடித்தபடி இயக்குநரிடம் கெஞ்சினார். "டோத்தோரே, போன தடவை ஒண்ணு போயிடுச்சு. இது போனா நான் தாங்க மாட்டேன். உங்க கால்ல வேணா விழறேன்."

"எனக்கும் மனசு துடிக்குதுங்க," என்றார் இயக்குநர், கதவிலிருந்து நகராமல். "ஆனா குழந்தைங்க பிறந்துக்கிட்டேதான் இருக்கும். இந்தக் கதவு மறுபடி பிறக்குமா?"

"ஜன்னல்?" என்று நான் கேட்டேன். "ஜன்னல் எந்த நூற்றாண்டு?"

"ஜன்னலா?" முகத்தைச் சுளித்தார். "போருக்கு அப்புறம் மாத்தினது. அதுல ஒண்ணுமில்ல."

நேதோ பக்கத்து நாற்காலியிலிருந்த கனத்த பைன் காயால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு மாடி ஆழத்தில் கால்வாய்க்கரை; தீயணைப்பு ஏணி அங்கிருந்து எழும்பி வந்தது. ஏணியின் நுனியில் இருந்த தொட்டியில் இலேனியாவை ஏற்றினோம். நேதோவும் உடன் ஏறிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பெட்டிகளை இறக்கியவர், தான் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மாதாவிடம் என்னென்னவோ வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே ஜன்னலில் இயக்குநர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "பார்த்து! பார்த்து!" என்று பதறினார். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது என்று கீழே இருந்தவர்கள் நினைத்தார்கள். "அந்தச் சுண்ணாம்புப் பூவேலையில இடிச்சிடாதீங்க! அது அசல்!" என்று அடுத்து வந்தது.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனம், நல்ல தொண்டை. மௌரோ வந்து சேர்ந்தபோது குழந்தைக்கு வாந்தா என்று பெயர் வைத்து முடித்திருந்தார்கள். நேதோ அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார்.

மாதாவுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற வேண்டுமே. கப்பல்களின் முதுகில் பெயர் எழுதுகிற எஜிஸ்தோவிடம் சொல்லி ஒரு புதுப் பலகை எழுதச் சொன்னார். எஜிஸ்தோவுக்குச் சின்னதாக எழுத வராது. அதனால் இலேனியாவின் வயிறு தீயணைப்பு வண்டியைவிடப் பெரிதாக வந்தது. மேலே மேகத்தில் மாதா. ஜன்னலில் வாயைத் திறந்தபடி டாக்டர் செர்வாதியோ, அச்சு அசலாக. கீழே எழுத்து: 'அருங்காட்சியகத்திடமிருந்து எங்களைக் காப்பாற்றிய மாதாவுக்கு நன்றி. கெத்சானி குடும்பம்.'

சிற்றாலயம் பூட்டிக் கிடந்ததால் பலகையை என் கடையில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினோம். முதல் வாரமே மீன்காரி ஒருத்தி ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போகும் வழியில் காப்பி குடித்துவிட்டு, போகிறபோக்கில் இயக்குநர் முகத்தில் விரலை வைத்துவிட்டுப் போனாள். பல வருடமாக நின்றிருந்த காரியம் அன்றே முடிந்தது. அவ்வளவுதான், ஊர் முழுக்கச் செய்தி. இப்போது வரி அலுவலகத்துக்கோ, பத்திரப் பதிவுக்கோ, நீதிமன்றத்துக்கோ போகிறவர்கள் இங்கே வந்து அந்த முகத்தைத் தொடாமல் போவதில்லை. பாதிரியார்கூட பிஷப்பைப் பார்க்கப் போகுமுன் வந்தார். சீக்கிரமே முகத்தில் மூக்கு போய்விட்டது, பிறகு கண்ணும் போய்விட்டது. திறந்த வாய் மட்டும் மிச்சம்.

ஒரு காலைப்பொழுது டாக்டர் செர்வாதியோவே வந்து நின்றார். நேதோ ஒரு மேஜையில் இருந்தார், இலேனியா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் பலகைக்கு முன் வெகுநேரம் நின்றார். சண்டை பிடிப்பார் என்று காத்திருந்தோம்.

"அற்புதம்," என்றார் கடைசியில். "அதுவும் இந்தத் தேய்மானம்! இது இங்க இருக்கக் கூடாதுங்க. எங்ககிட்ட கொடுங்க. தனிப் பேழை தர்றேன்."

"இது எங்களுக்கு இன்னும் வேலை செய்யுது டோத்தோரே," என்றார் நேதோ. "வேலை செய்யறதை உங்களுக்குக் கொடுக்கற வழக்கம் இல்ல."

இயக்குநர் காப்பி சொன்னார். அந்த மணிக்கும் கதவுக்கும் விளக்கம் கேட்டு ரோமிலிருந்து அமைச்சகம் கூப்பிட்டிருப்பதாகவும், ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருப்பதாகவும் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். பிறகு இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, மேலங்கிப் பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு பலகையை நெருங்கினார்.

"எந்த இடத்துலங்க?"

"உங்க மூஞ்சியிலதான்," என்றாள் இலேனியா. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா உறையோட தொட்டாப் பலிக்காது."

அவர் கழற்றினார்.